பனியும் நிழலும்

மலைக்குச் சென்று திரும்புகிறவர்கள், தாங்கள் எடுத்து வந்த படங்களை நமக்குக் காட்டும்போது வழக்கமாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்வார்கள்: “நேரில் பார்த்தால் இதைவிட எவ்வளவோ அழகு.” அது வெறும் உபசார வார்த்தையன்று. பனி மூடிய சிகரம் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாக வெளுத்துக் கிடக்கும். அதன் அடிவாரக் காடோ மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடக்கும். அந்த வெண்மையில் வரிவரியாய் ஓடிய காற்றின் சுவடுகளையும், அந்தக் கருமையில் தனித்தனியாய் நின்ற மரங்களையும் கண் கண்டது. கருவி காணவில்லை.

இந்தச் சிறிய ஏமாற்றத்திற்குப் பின்னே நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. ஒளிக்கும் நிழலுக்கும் ஒரே தாளில் இடம் தேடித் தந்த மனிதர்களின் வரலாறு அது. எதைக் காட்டுவது, எதை இருளில் விடுவது என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. அக்கேள்வி ஒளிப்படக்காரரை மட்டும் சேர்ந்ததன்று.

கண்ணும் கருவியும்

முதலில் இடரின் தன்மையை அறிந்துகொள்வோம். புதிதாய்ப் பெய்த பனி, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடும். ஈரம் படிந்த கரும்பாறையோ மிகச் சிறு பங்கையே திருப்பும். பனி வெயிலிலும் பாறை நிழலிலும் இருந்துவிட்டால் இரண்டுக்கும் இடையேயுள்ள ஒளி வேறுபாடு ஆயிரம் மடங்கையும் தாண்டும். உயரமான இடங்களில் காற்று மெலிந்தும் தூசியின்றியும் இருப்பதால் ஒளி சிதறுவது குறைவு. ஆகவே சமவெளியில் நிழலுக்குள் கசிந்து அதனை இளக்கும் ஒளி, மலையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. நீல வானத்திலிருந்து இறங்கும் மங்கிய நீல ஒளியே அங்கே நிழலுக்குக் கிடைக்கும் விளக்கு.

நம் கண் இதைச் சமாளித்துவிடுகிறது. சிகரத்தை நோக்கும்போது பாவை சுருங்குகிறது; பள்ளத்தாக்கை நோக்கும்போது விரிகிறது; விழித்திரையும் தன் கூருணர்வை மாற்றிக்கொள்கிறது. இடைவிடாது அலையும் பார்வையில் கிடைத்த பல காட்சிகளை மனம் ஒன்றாக இணைத்து, “இதுதான் நான் கண்ட மலை” என்கிறது. கருவிக்கோ ஒரு கணந்தான். ஒரே அளவு ஒளிதான். அதன் பின் படம் சென்று சேரவேண்டிய தாளின் வரம்பு இன்னும் குறுகியது. நல்ல பளபளப்பான தாளிலும் மிகக் கரிய இடத்திற்கும் மிக வெண்மையான இடத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்குதான். ஆயிரத்தை நூறுக்குள் அடக்கவேண்டும். எதையேனும் விட்டுக்கொடுக்காமல் இது நடவாது.

வெளுத்த வானம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலையேறிய ஒளிப்படக்காரர்களுக்கு இதனினும் பெரிய தொல்லை ஒன்றிருந்தது. அவர்கள் பயன்படுத்திய கொலோடியன் ஈரத் தகடு நீல நிறத்தை மட்டுமே நன்கு உணரும். பச்சையை ஓரளவே உணரும், சிவப்பை உணராது. எனவே பசுங்காடு போதிய அளவு பதிவதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, மேகங்களைத் தொலைத்துவிட்டு வெறும் வெள்ளையாகிவிடும்.

இதற்கு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வழியைக் கண்டனர். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே, 1850-களின் பிற்பகுதியில் தாம் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்திற்கு வேறொரு நெகடிவும் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858-இல் படமெடுத்தவராக நாம் அறிந்த லின்னேயஸ் டிரைப், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பர்மாவில் எடுத்த காகித நெகடிவ்களில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். இவை ஏமாற்று வேலைகளா? கண்ட மேகத்தைக் கருவி காணாதபோது, கண்டவர் அதைத் திருப்பி வைப்பது பொய்யாகுமா? ஒளிப்படக் கலை பிறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை.

மலைகளிலோ உடலுழைப்பே முதற்சோதனையாயிற்று. ஈரத் தகட்டைப் படமெடுக்கும் இடத்திலேயே பூசி, ஈரம் உலருமுன் ஒளிகாட்டி, அங்கேயே உருத்துலக்கவேண்டும். கண்ணாடித் தகடுகள், இரசாயனக் குப்பிகள், இருட்டுக் கூடாரம் அனைத்தும் மலையேறியாகவேண்டும். 1861-இல் ஒகுஸ்த் ரோசாலி பிஸ்ஸோன் மோன் பிளாங்க் சிகரத்தில் நின்று படமெடுத்தார். கல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு நிறுவனத்திற்குத் தம் பெயரைத் தந்த சாமுவேல் போர்ன், 1866-இல் இமயத்தின் மணிரங்குக் கணவாயில், ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். அந்த உயரம் இருபது ஆண்டுகள் விஞ்சப்படாதிருந்தது. போர்னின் பெயர் வரலாற்றில் நின்றது. அவருடைய கண்ணாடிகளைத் தோளில் சுமந்து பனியில் நடந்த சுமையாட்களின் பெயர்கள் நிற்கவில்லை. நிழலில் விடப்பட்டவர்கள் என்று எண்ணும்போது இவர்களும் நம் நினைவில் இருக்கட்டும்.

வெறுமையாய்த் தெரிந்த பள்ளத்தாக்கு

அதே 1861-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் கோவேறு கழுதைகளின்மீது மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குள் நுழைந்தார். அவருடைய தகடு ஒவ்வொன்றும் 18 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உடையது. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அரிதாயிருந்த காலத்தில், பெரிய படம் வேண்டுமானால் பெரிய தகட்டையே சுமந்தாகவேண்டும். அந்தப் பயணத்தில் முப்பது பெரிய தகடுகளோடு அவர் மீண்டார்.

வானம் வெளுத்துப் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் குறையையே தம் படத்தின் பலமாக ஆக்கிக்கொண்டதுதான் அவருடைய மேதைமை. வெள்ளை வானத்தை ஒரு திரைபோல் பின்னால் நிறுத்தி, பாறைகளின் விளிம்பைக் கூர்மையாக வெட்டிக் காட்டினார். ஆறும் ஏரியும் அசையாதிருக்கும் வேளையில் மலையையும் அதன் நீர்நிழலையும் சேர்த்தெடுத்து, வெறுமையான வானத்தின் பாரத்தைக் குறைத்தார்.

இப்படங்கள் கிழக்கே நியூயார்க்கிற்கும் வாஷிங்டனுக்கும் சென்றன. 1864 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின் நடுவே, குடியரசுத் தலைவர் லிங்கன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்காக என்றென்றைக்கும் காக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்கு ஆதரவு திரட்டியதில் வாட்கின்ஸின் படங்களுக்கும் பங்குண்டு என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

ஆனால் அந்தப் படங்கள் காட்டாத ஒன்றுண்டு. அவர் வருவதற்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன், 1851-இல், மரிபோசாப் படையினர் அப்பள்ளத்தாக்கிற்குள் புகுந்து, அங்கே வாழ்ந்துவந்த அவானீச்சி மக்களை விரட்டினர். அவர்களுடைய குடியிருப்புகளையும் உணவுச் சேமிப்பையும் எரித்தனர். அவர்களுடைய தலைவர் தெனாயாவின் மகன்களுள் ஒருவன் கொல்லப்பட்டான். அங்குள்ள அழகிய ஏரியொன்றுக்கு, தெனாயாவின் பெயரையே சூட்டினர், அவரைப் பிடித்தவர்கள். சிதறிய மக்களுள் சிலர் பின்னர் திரும்பி வந்து அங்கேயே வாழவும் செய்தனர். எனினும் வாட்கின்ஸின் பெரிய தகடுகளைப் பார்த்தவர்களுக்கு, மனிதக் கால் படாத ஒரு கன்னி நிலமாகவே அது தோன்றிற்று. தகடு நீலத்தைத் தவிர மற்றதைக் காணாததுபோல, அந்தக் காலமும் ஒரு சிலவற்றையே கண்டது.

வாட்கின்ஸின் கடைசி நாள்கள் துயரமானவை. கடன் தொல்லையால் 1870-களில் தம் நெகடிவ்களையே இழந்தார். அவற்றைக் கைப்பற்றியவர் அதே படங்களைத் தம் பெயரில் விற்றார். முதியவராய்ப் பார்வை மங்கிய நிலையில், 1906-இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் அவருடைய எஞ்சிய சேமிப்பையும் சாம்பலாக்கின. மனநல மருத்துவமனையில் 1916-இல் அவர் காலமானார்.

நிறங்களைக் கற்ற தகடு

இதற்கிடையே ஆய்வுக்கூடங்களில் அமைதியாக ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1873-இல் செருமானிய வேதியியலார் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சாயத்தைச் சேர்த்தால் அது பச்சை நிறத்தையும் உணரும் எனக் கண்டறிந்தார். 1906-இல் இலண்டனின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம், சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவே 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர், தகட்டின்மீது விழும் ஒளிக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள தொடர்பை அளந்து வரைகோடாக வெளியிட்டனர். அதுவரை கைப்பழக்கமாய் இருந்தது அதன்பின் கணக்காயிற்று.

எல்லா நிறத்தையும் உணரும் தகடு கிடைத்ததும், லென்சின் முன் வண்ணக் கண்ணாடி வைப்பதற்கு ஒரு பொருள் ஏற்பட்டது. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைச் சற்றே தடுக்கும்; வானம் சாம்பல் நிறமாகி, மேகம் தெரியும். சிவப்பு ஃபில்டரோ நீலத்தை முற்றாகவே தடுத்துவிடும். வானம் இரவுபோல் கறுத்துவிடும்.

கடைசித் தகடு

வாட்கின்ஸ் மறைந்த அதே 1916-இல், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோருடன் முதன்முதலாக யோசெமிட்டிக்கு வந்தான். அவன் கையில் ஒரு கோடக் பெட்டிக் கேமரா இருந்தது. அவனே பின்னாளில் ஆன்செல் ஆடம்ஸ் என்று உலகறிந்தவன். 1906-இன் நிலநடுக்கத்தில் தோட்டச் சுவரில் மோதி உடைந்த மூக்கைக் கடைசிவரை அப்படியே வைத்திருந்தவர். பியானோக் கலைஞராக வேண்டும் என்று பல ஆண்டுகள் பயின்றவர்.

1927 ஏப்ரல் 10-ஆம் நாள், பின்னர் தம் மனைவியான வர்ஜினியாவுடனும் நண்பர்களுடனும், ஆஃப் டோம் என்னும் பாறையின் எதிரேயுள்ள ஒரு முனைக்குப் பனியினூடே அவர் ஏறினார். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 4,700 அடிக்கு மேல் உயர்ந்து, நடுவே பிளந்ததுபோல் நிற்கும் பாறை அது. அதன் செங்குத்து முகம் வடமேற்கு நோக்கியது. காலையெல்லாம் நிழலில் கிடக்கும். பிற்பகலில்தான் வெயில் அதன்மேல் ஏறும். அவர் கொண்டுசென்ற பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளுள் அந்த இடத்தை அடைந்தபோது எஞ்சியவை இரண்டே.

வெயில் பாதி முகத்தைத் தொட்டபோது, வழக்கப்படி மஞ்சள் ஃபில்டர் வைத்து ஒரு படம் எடுத்தார். எடுத்தவுடனே ஐயம் எழுந்தது. கணக்கின்படி அது சரியான படந்தான். ஆனால் அந்தப் பாறையின்முன் நின்றபோது தமக்குள் எழுந்த வியப்பு அதில் வராது என்று உணர்ந்தார். எஞ்சியது ஒரு தகடு. அடர்சிவப்பு ஃபில்டரைப் பொருத்தி, ஐந்து விநாடி ஒளிகாட்டினார். வானம் கருமையில் ஆழ்ந்தது. நீல வானொளியால் மட்டுமே துலங்கிய நிழல்களும் உடன் ஆழ்ந்தன. வெயில்பட்ட பனி மட்டும் வெண்மையாய் ஒளிர்ந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள பிளவைக் குறைப்பதே ஒளிப்படக்காரரின் வேலை என்று நாம் எண்ணிவிடக்கூடும். ஆடம்ஸ் அன்று அந்தப் பிளவைப் பெரிதாக்கினார். ஆனால் எங்கே, எவ்வளவு என்பதை அறிந்து செய்தார். படமெடுக்கும் முன்பே முடிந்த படத்தை மனக்கண்ணில் காணும் முறை தமக்கு அன்றுதான் கைவந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

பதினொரு படிகள்

அந்த உள்ளுணர்வைப் பிறருக்கும் கற்பிக்கத்தக்க முறையாக அவர் வகுத்தது 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில். லாஸ் ஏஞ்சலிஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தியபோது, ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து அதனை உருவாக்கினார். முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை பதினொரு படிகள். சுழியில் தொடங்கிப் பத்தில் முடியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி இருமடங்கு. நடுவிலுள்ள ஐந்தாம் படி இடைச் சாம்பல். விவரம் தெரியவேண்டிய நிழலை மூன்றாம் படியில் வைக்கவேண்டும். இழை தெரியவேண்டிய பனியை ஏழு அல்லது எட்டாம் படிக்குள் நிறுத்தவேண்டும்.

நிறுத்துவது எவ்வாறு? ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் தந்த அறிவு இங்கே உதவிற்று. நெகடிவில் நிழற்பகுதி எவ்வளவு பதியும் என்பதைப் படமெடுக்கும்போது காட்டும் ஒளியே முடிவு செய்கிறது. வெண்பகுதியோ உருத்துலக்கும் நேரத்திற்கேற்ப மிகவும் மாறும். ஆகவே நிழலுக்குப் போதிய ஒளி கொடுத்துவிட்டு, உருத்துலக்கும் நேரத்தைக் குறைத்தால், கடும் வெயிலில் எடுத்த பனியும் வெளுத்துப் போகாமல் அடங்கி நிற்கும். நிழலுக்காக ஒளிகாட்டு, வெண்மைக்காக உருத்துலக்கு என்னும் பழைய ஒளிப்படக்காரரின் விதி இவ்வாறு அளவை பெற்றது.

இம்முறை அவருக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை 1941-இன் ஒரு மாலை காட்டிற்று. நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் அருகே காரில் வந்துகொண்டிருந்தார். தொலைவில் பனிமலைகள்; மேலே எழுந்துவிட்ட நிலவு; ஊர்க் கோயிலின் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் வெண்சிலுவைகள்மீது இறங்குவெயிலின் கடைசி ஒளி. வண்டியை நிறுத்திக் கருவியைப் பொருத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஏழாம் படியில் வைத்து மனக்கணக்கிட்டு ஒரு விநாடி ஒளிகாட்டினார். இரண்டாவது படத்திற்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அந்த நாள் எதுவென்று அவருக்கே சரியாக நினைவில்லை. நிலவின் நிலையைக் கொண்டு வானியலார் 1991-இல் கணித்துச் சொன்ன நாள், 1941 நவம்பர் முதல் நாள்.

நெகடிவின் கீழ்ப்பகுதி மிக மெலிந்திருந்தது. 1948-இல் அதனை இரசாயன முறையில் வலுப்படுத்தினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, தாம் அச்சிட்ட படிகளில் வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படியை அதன் வாசிப்புக்கும் ஒப்பிடுவது அவர் வழக்கம். ஒரே கீர்த்தனையை ஒரு வித்துவான் இளமையில் பாடியதும் முதுமையில் பாடியதும் வேறுவேறாக இருப்பதை நாம் பொய் என்று சொல்வதில்லை.

மலையடிவாரத்து முகாம்

இவ்வளவும் கற்ற அந்தக் கண், மலையின் அடிவாரத்திலிருந்த மனித நிழலை எப்படி எதிர்கொண்டது என்பதே நம்மைச் சிந்திக்கவைப்பது. 1942-இல் அமெரிக்க அரசு, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கடிவாரத்தில், மன்சனார் என்னுமிடத்து முகாமில் பத்தாயிரம் பேர் இருந்தனர். முகாம் இயக்குநரின் அழைப்பின்பேரில் 1943-இல் ஆடம்ஸ் அங்கே சென்றார். மக்களின் முகங்களை, பள்ளியை, வயல்களைப் படமெடுத்து 1944-இல் நூலாக வெளியிட்டார். போர்க்காலத்தில் பகைவரின் இனத்தாராய்க் கருதப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள குடிமக்களாகக் காட்டிய அந்நூலைப் பலர் விரும்பவில்லை.

ஆனால் முள்வேலியையும் காவல் கோபுரங்களையும் படமெடுக்க அவருக்கு அனுமதியில்லை. அந்நாளில் அவர் அங்கிருந்து எடுத்த வில்லியம்சன் சிகரத்தின் படம் புகழ்பெற்றது: முன்னே பெரும் பாறைகள் பரந்த வெளி, பின்னே மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் ஒளிக்கற்றைகள். முதற்படியிலிருந்து பத்தாம் படிவரை எல்லாம் அதில் உண்டு, முகாம் இல்லை.

அதே முகாமின் வேலிக்குள் தோயோ மியாத்தாக்கே என்னும் ஒளிப்படக்காரர் கைதியாய் இருந்தார். தடையை மீறி ஒரு லென்சை மறைத்துக் கொண்டுவந்து, கழிவு மரத்துண்டுகளைக் கொண்டு பெட்டி செய்து, தம் மக்களின் வாழ்வைப் படமெடுத்தார். பிற்பாடு அதிகாரிகளே அவரை முகாமின் ஒளிப்படக்காரராக ஏற்றனர். ஆடம்ஸின் படங்களில் மலை பெரிது. மியாத்தாக்கேயின் படங்களில் முள்கம்பியைப் பற்றி நிற்கும் சிறுவர்கள் பெரியர். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவைதாம். 1988-இல் அமெரிக்க அரசு சட்டத்தின் வழியே மன்னிப்புக் கேட்டபோது, அந்த முகாம்களைக் காணாத தலைமுறைக்குச் சான்று சொன்னவற்றுள் இவ்விருவரின் படங்களும் இருந்தன.

இன்று ஃபிலிமின் இடத்தை மின்னணுக் கருவி பெரும்பாலும் பிடித்துவிட்டது. விதியும் தலைகீழாயிற்று: நெகடிவில் இழந்த நிழலை மீட்கமுடியாது, மின்னணுப் படத்தில் இழந்த வெண்மையை மீட்கமுடியாது. எனவே இப்போது வெண்மைக்காக ஒளிகாட்டி, நிழலைப் பின்னர் தூக்குகிறார்கள். 1997-இல் பால் டெபெவெக்கும், இந்தியாவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு அளவு ஒளிகாட்டி எடுத்த பல படங்களைக் கணினியால் ஒன்றாக்கும் முறையைச் செப்பமாக வகுத்தனர். இன்று கைப்பேசிகளும் நாம் அறியாமலே இத்தகைய இணைப்பைச் செய்கின்றன. இரண்டு நெகடிவ்களை இணைத்த லெ கிரேயின் வழி, சுற்றி வந்து நம் சட்டைப்பைக்குள் புகுந்திருக்கிறது.

பனியும் தெரிகிறது, காடும் தெரிகிறது. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில் சமப்படுத்திய படங்களில் சிலநேரம் மலையே காணாமற்போவதையும் பார்க்கிறோம். நிழலே இல்லாத பாறைக்கு உருவமில்லை. ஆகவே நிழலை ஒழிப்பது கருவியின் வேலையாக இருக்கலாம். எந்த நிழல் படத்திற்கு உருவம் தருகிறது, எந்த நிழல் ஒரு மனிதனை மறைக்கிறது என்று பிரித்தறிவது பார்ப்பவரின் வேலை. அதற்குரிய ஃபில்டர் இன்னும் செய்யப்படவில்லை. அடுத்த முறை ஒரு மலையின் படத்தை வியந்து நோக்கும்போது, அதன் அடிவாரத்து இருட்டில் யார் நிற்கிறார்கள் என்றும் ஒரு கணம் கண்ணை விரித்துப் பார்ப்போம்.